சராசரி 7 என்றால் போதுமா?

திண்டிவனத்திலிருந்து ஓர் அம்மா காலை ரயிலில் எழும்பூர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குக் கல்லீரல் மாற்றி இரண்டு வருடம். இன்று ரத்தப் பரிசோதனை. ரயிலிலேயே எட்டு மணி அடித்துவிட, பழக்கதோஷத்தில் மாத்திரையைக் கொடுத்துவிட்டால் அன்றைய சோதனை வீண். மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்னால்தான் பார்க்க வேண்டும். 'நாளை ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை' என்று முந்தின இரவே மாத்திரையை நினைவூட்டும் செல்போன் செயலியில் ஒரு வரி வந்திருந்தால் பிழைத்தது.

ஜப்பானில் சுக்குபா பகுதி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிடமிருந்து 1984-இல் கிடைத்த மருந்து இது. புது உறுப்பை அந்நியமாகப் பார்க்கும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூகின்-2 என்ற புரதத்தைச் சுரந்து பெருகப் பார்க்கும். அதற்குத் தேவையான கால்சிநியூரின் நொதியை டாக்ரோலிமஸ் முடக்கிவிடுகிறது. மருந்து குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும். கூடினால் சிறுநீரகம் பாதிக்கப்படும், கை நடுங்கும்.

சரி, அளவு பார்த்தாயிற்று. ஒரு குழந்தைக்கு அடுத்தடுத்த மூன்று சோதனைகளில் 6, 7, 8. இன்னொன்றுக்கு 3, 7, 11. இரண்டுக்கும் சராசரி 7-தான். ஆனால் அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம் முதல் குழந்தைக்கு 1, இரண்டாவதற்கு 4. கல்லீரல் மாற்றிய குழந்தைகளில் இது 2-ஐத் தாண்டினால் நிராகரிப்பு அபாயம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த ஊசலாட்டத்துக்குப் பெரிய காரணம் விட்டுப்போன வேளைகள். பதின்வயதில் இது அதிகம். பிள்ளைக்கு அலுத்துப்போகிறது, பாவம்.

வெறும் அலாரத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்க எவ்வளவு நேரமாகும்? 'சாப்பிட்டேன்' பொத்தானையும் சும்மா அழுத்திவிடலாம். அந்தப் பதிவையும் ரத்த அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொருந்தாதபோது போன் போட்டுப் பேச மறுமுனையில் ஒரு நர்ஸ் இருந்தால்தான் செயலிக்கு அர்த்தம்.

வயிற்றுப்போக்கு வரும்போது இந்த இணைப்பின் அருமை தெரியும். மருந்தெல்லாம் வெளியே போய்விட்டது, அளவு குறைந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது பெரும்பாலும் நேரெதிர். டாக்ரோலிமஸில் ஒரு பகுதியைக் குடல் சுவரே உடைத்துவிடும். சுவர் புண்ணானால் அந்த வேலை குறைந்து, ரத்தத்தில் மருந்து ஏறும். பயந்துபோய் இன்னொரு மாத்திரை கொடுத்தால் இன்னும் ஏறும். இரவு பத்து மணிக்கு அம்மா 'நாலு தடவை போனது' என்று பதிந்தால், மாத்திரையை இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்க வேண்டாம், காலை வேளைக்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள் என்று பதில் வரும்.