பீரோவில் இருக்கும் காப்பீட்டு அட்டை செல்லுமா?

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் அம்மாள் ஒருவர், கணவருக்கு நெஞ்சுவலி என்று வேலூருக்கு அழைத்து வந்திருந்தார். சுருக்குப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே 2009-இல் தமிழக அரசு கொடுத்த பழைய மருத்துவக் காப்பீட்டு அட்டை. இத்தனை ஆண்டுகளாக அதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார். 2012 ஜனவரியில் புதிய திட்டம் வந்ததும், பழைய அட்டை செல்லாமல் போனதும் அவருக்குத் தெரியாது. கவுண்டரில் இருந்தவர் அட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. "இது செல்லாதம்மா, அடுத்த ஆள் வாங்க" என்று சொல்லிவிட்டார். எங்கே போனால் புதிய அட்டை கிடைக்கும் என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் அங்கே யாரிடமும் இல்லை.

ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், நான் என்று ஒரு சிறு கூட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் கே.வி.குப்பம், லத்தேரி பக்கத்து ஊர்களில் உட்கார்ந்து இந்த அட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. அட்டைக்கும் காசு கிடையாது. திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மீதி எல்லாம் அலைச்சலைப் பற்றியது.

முதல் சிக்கல் ரேஷன் கார்டில். அதில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீடும் இல்லை. கல்யாணமாகி ஆறு வருடமான மருமகளின் பெயர் இன்னும் அப்பா வீட்டுக் கார்டிலேயே இருக்கும். மூன்று வயதுக் குழந்தையின் பெயர் எந்தக் கார்டிலும் இருக்காது. "சர்க்கரை ஒழுங்காக வருகிறதே" என்று வீட்டில் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆபரேஷன் என்று வரும்போதுதான் விஷயம் வெளியே வரும். அங்கே பெயர் நீக்கி இங்கே சேர்ப்பது ஒரு நாளில் முடிகிற வேலையில்லை. எங்கள் செவிலியர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது ரேஷன் கார்டைத்தான். ரத்த அழுத்தம் பார்ப்பது அப்புறம்.

அடுத்தது வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று அது நகரும், அல்லது நகராது. விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்காமல் மையத்தை விட்டு வெளியே வராதீர்கள். அது இல்லாமல் போனால் "இன்னும் வரவில்லை" என்ற ஒரே பதிலோடு திரும்ப வேண்டியதுதான். தட்டச்சு செய்பவர் தன் இஷ்டத்துக்கு மாதம் 12,000 என்று அடித்துவிட்டால், ஆண்டுக்கு 1,44,000 ஆகிவிடும். பீடித் தொழிலில் வாரத்துக்கு எத்தனை நாள் இலையும் தூளும் கிடைக்கிறது என்று அவர் கேட்டிருக்க மாட்டார். உண்மையான வருமானத்தை நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். திரையில் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு அனுப்புங்கள். வரம்பு 72,000 என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது 2022-இல் மாறிவிட்டது.

சான்று கையில் வந்தபின் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். எந்த மாவட்டம் என்பதில் கவனம் தேவை. 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூர். ஆற்காடு, அரக்கோணத்துக்கு ராணிப்பேட்டை. மருத்துவத்துக்கு எல்லோரும் வேலூருக்கே வந்து பழகியதால், வேலூர் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரியில் பாதி நாள் வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறியவர்கள் உண்டு. வாங்கிய அட்டை எந்த மாவட்டத்து மருத்துவமனையிலும் செல்லும். வாங்குவதற்குத்தான் சொந்த மாவட்டத்துக்குப் போக வேண்டும்.

அந்த அம்மாளுக்கு அங்கேயும் ஒரு தடை. பீடி சுற்றிச் சுற்றி விரல் ரேகை தேய்ந்திருந்தது. கருவியில் ஏழு முறை வைத்துப் பார்த்தார். புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். "நாளைக்கு வாங்க" என்றார்கள். நாளைக்கு ரேகை முளைத்துவிடுமா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. பேரணாம்பட்டுத் தோல் தொழிலாளர்களுக்கும் இதே கதைதான். ரேகை தேய்ந்தவர்கள் முன்கூட்டியே ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பித்து, கைபேசி எண்ணையும் இணைத்து வைத்துக்கொள்வது நல்லது.

மருத்துவமனையில் கேட்கும் கேள்வியும் சரியாக இருக்க வேண்டும். "இங்கே காப்பீடு உண்டா" என்று கேட்டால் "உண்டு" என்பார்கள். பட்டியலில் ஒரு மருத்துவமனை இருப்பது வேறு, உங்கள் நோய்க்கு இருப்பது வேறு. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஆகவே நோயின் பெயரைச் சொல்லி, இந்தச் சிகிச்சைக்கு இங்கே காப்பீடு உண்டா என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். இல்லை என்றால் அங்கேயே கடன் வாங்கிக் கட்டத் தொடங்காமல், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். புறநோயாளியாக வந்து மாத்திரை வாங்கிப் போவதற்கு இந்த அட்டை உதவாது.

சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதி வாங்க வேண்டும், அதை மருத்துவமனைதான் கேட்டு வாங்கும். காசைக் கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் காட்டி வாங்கிக்கொள்ளும் திட்டமில்லை இது. அதனால் "இப்போதைக்குக் கட்டுங்கள், அனுமதி வந்ததும் தருகிறோம்" என்று யார் சொன்னாலும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கேட்டால் உடனே 1800 425 3993 என்ற இலவச எண்ணில் அந்த இடத்திலிருந்தே பேசுங்கள். பக்கத்தில் நின்று போன் செய்தாலே பல இடங்களில் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர்வுக் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

பீஞ்சமந்தை போன்ற மலை ஊர்க்காரர்கள் இத்தனைக்கும் இறங்கி ஏற வேண்டுமென்றால் எத்தனை நாள் கூலி போகும்? அங்கே தனி ஆளாக அலையாமல், ஊரே சேர்ந்து பதிவு முகாம் கேட்டு மனு கொடுக்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்களுக்கு எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரியும். அட்டை பார்ப்பது அவர்கள் வேலையில்லை. இருந்தாலும் கேட்டால் பெயர்ப்பட்டியல் எழுதத் துணைக்கு உட்காருகிறார்கள். உங்கள் அட்டை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, திட்டத்தின் இணையதளத்தில் ரேஷன் கார்டு எண்ணைத் தட்டினால் போதும்.

குடியாத்தத்து அம்மாளுக்கு மூன்றாவது நடையில் அட்டை கிடைத்தது. கணவருக்குச் சிகிச்சையும் நடந்தது. முதல் நாள் அட்டை இல்லை என்று தாலிக்கொடியை வைத்துக் கட்டிய 8,000 ரூபாய் மட்டும் திரும்பி வரவில்லை. அதற்கு அவரிடம் ரசீது இல்லை.