ஆர்எஸ்எல் மட்டும் பார்த்துட்டு லிங்க் ஓகேன்னு சொல்லாதீங்க

மைக்ரோவேவ் லிங்க் (ரெண்டு டவருக்கு நடுவுல டிஷ் வச்சு ரேடியோவுல டேட்டா அனுப்புறது) பார்க்கிறவங்க நிறைய பேர் ஐடியூல (கீழ ரூம்ல இருக்கிற ரேடியோ யூனிட்) லாகின் பண்ணதும் முதல்ல பார்க்கிறது ஆர்எஸ்எல் தான், அதாவது இங்க வந்து சேர்ற சிக்னல் லெவல். மைனஸ் 42 டிபிஎம் காட்டுது, டிசைன்ல இருந்த அளவுதான், அலாரமும் இல்ல, சரி ஓகேன்னு மூடிட்டு போயிடுறாங்க. ஏடிபிசி (அனுப்புற பவர தானா ஏத்தி இறக்குற வசதி) ஆன்ல இருந்தா அந்த நம்பர தனியா வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க.

ஏடிபிசியோட வேலையே அந்த நம்பர அசையாம வச்சுக்கிறதுதான். இந்தப் பக்க ரிசீவர் தனக்கு வர்ற லெவல அளந்து ரேடியோ ஓவர்ஹெட் வழியா எதிர்ப்பக்கத்துக்கு சொல்லும், டார்கெட்டுக்கு கீழ போனா அங்க பவர் ஏறும், மேல போனா இறங்கும். ஃபேடிங் (வழியில சிக்னல் மங்குறது) இல்லாத நேரத்துல 10 டிபி குறைச்சு ஓட்டினா பவர் பத்துல ஒரு பங்குதான், பக்கத்து லிங்க்குக்கு இன்டர்ஃபியரன்ஸும் குறையும். நல்ல வசதிதான், வேணாம்னு சொல்லல.

ஆனா கனெக்டர்ல தண்ணி இறங்கியோ காத்துல டிஷ் கொஞ்சம் திரும்பியோ 8 டிபி போச்சுன்னு வைங்க. எதிர்ப்பக்கம் 8 டிபி ஏத்தி ஈடுகட்டிடும், இங்க அதே மைனஸ் 42. மழைக்குன்னு வச்சிருந்த மார்ஜின்ல 8 டிபி காலி, அது யாருக்கும் தெரியாது, அடுத்த பெரிய மழையில லிங்க் விழும், ரிப்போர்ட்ல காரணம் மழைன்னு எழுதிடுவாங்க (பாவம் மழை). அதனால எதிர்ப்பக்க டிஎக்ஸ் பவரையும் (அங்க இருந்து அனுப்புற பவர்) சேர்த்தே பாருங்க, வானம் தெளிவா இருக்கும்போதே அது மேக்சிமத்துல நின்னா டவர் ஏற வேண்டியதுதான்.

அலைன்மென்ட் பண்ணும்போது ரெண்டு பக்கமும் ஏடிபிசிய கண்டிப்பா ஆஃப் பண்ணுங்க. இல்லன்னா நீங்க டிஷ்ஷ திருப்ப திருப்ப அந்தப் பக்கம் பவர மாத்திட்டே இருக்கும், மீட்டர் அசையாது, பீக் எங்கன்னே தெரியாது, சைடு லோப்ல (மெயின் பீமுக்குப் பக்கத்துல வர்ற சின்ன பீம்) போல்ட்ட முறுக்கிட்டு வந்துடுவீங்க.

டேட்டா போர்ட் கதையும் இதே மாதிரிதான். இ1 (டெலிஃபோன் காலத்து டிஜிட்டல் லைன்) எப்பவும் 2.048 எம்பிபிஎஸ், அது சுருங்காது. ஈதர்நெட் அப்படி இல்ல, அடாப்டிவ் மாடுலேஷன் (சிக்னல் மோசமானா வேகத்த தானா குறைக்கிறது) 256 குவாம்ல இருந்து க்யூபிஎஸ்கேக்கு இறங்கினா சிம்பலுக்கு 8 பிட் போய் 2 பிட் ஆயிடும், போர்ட் மட்டும் 1 ஜிபிபிஎஸ்னு பச்சை லைட் காட்டிட்டே இருக்கும், க்யூஓஎஸ் (எந்த டிராஃபிக்குக்கு முன்னுரிமைங்கிற செட்டிங்) போடலன்னா வாய்ஸும் டவுன்லோடும் ஒண்ணா அடி வாங்கும். ஒரு பக்கம் ஆட்டோ, இன்னொரு பக்கம் 100 ஃபுல்னு ஃபிக்ஸ் பண்ணிருந்தா ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளக்ஸுக்கு (ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் அனுப்பும்) போயிடும், பிங் அழகா போகும், லோடு வந்தா சிஆர்சி எரர் (டேட்டா கெட்டு வர்றது), திட்டு வாங்குறது ரேடியோ.

ரேடியோ விழுந்தாலும் போர்ட் அப்லயே நின்னா ரவுட்டர் உடனே பேக்கப்புக்கு மாறாது, அதுக்குத்தான் லிங்க் லாஸ் ஃபார்வர்டிங், ரேடியோ விழுந்தா போர்ட்டையும் சேர்த்து இறக்கிடும். கமிஷனிங் அன்னைக்கே டிஎக்ஸ மியூட் பண்ணி ரெண்டு பக்க போர்ட்டும் விழுதான்னு பார்த்துடுங்க, எதிர்ப்பக்கத்த ரிமோட்ல மியூட் பண்றதா இருந்தா டைமர் போட்டுக்கோங்க, இல்லன்னா திரும்ப ஆன் பண்ண அந்த சைட்டுக்கே போகணும்.