பனிச்சறுக்குப் பலகையில் பாதங்களை நிறுத்தும் கணக்கு

நடக்கும்போது நம் பாதங்கள் ஓயாமல் தம்மைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. ஓர் எட்டு சற்று அகன்று விழும், அடுத்த எட்டில் பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பும், முழங்காலில் லேசாக வலி எடுத்தால் நாம் அறியாமலே உடலின் பாரம் மறு காலுக்குப் போய்விடும். ஸ்னோபோர்டு என்ற பனிச்சறுக்குப் பலகையில் ஏறியதும் இந்தச் சுதந்திரம் பறிபோகிறது. இரண்டு பாதங்களும் ஒரே பலகையில், மாறாத இடைவெளியில், மாறாத கோணத்தில் பூட்டப்பட்டுவிடுகின்றன. பாதம் தானாகச் செய்துகொள்ளும் திருத்தங்களையெல்லாம், சரிவில் இறங்குவதற்கு முன்பே, திருப்புளியைக் கையில் பிடித்துக்கொண்டு நாம் செய்து முடிக்க வேண்டும்.

1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் உருவாக்கிய ‘ஸ்னர்ஃபர்’ பலகைக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. அதில் பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பிடிப்பான பைண்டிங்கே கிடையாது. பலகையின் முனையில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி, அதன்மேல் வெறுமனே நின்று சறுக்கினார்கள். பாதத்தைப் பலகையோடு பிணைத்த பிறகுதான், பலகையை ஓரத்தின்மேல் சாய்த்து, அந்த எஃகு ஓரம் பனியைக் கீறும்படி திரும்புவதற்கான பிடி கிடைத்தது. காலுக்கு ஒரு பலகையாக மாட்டும் ஸ்கீயில் இருப்பதுபோல், விழும்போது தானே கழன்றுகொள்ளும் ஏற்பாடு இதில் பொதுவாக இல்லை. இது குறைபாடு போலத் தோன்றினாலும் காரணம் தெளிவானது: இரு கால்களும் பிணைந்திருக்கும்வரை ஒரு முழங்கால் மட்டும் தனியே முறுக்கப்படும் வாய்ப்பு குறைவு, ஒன்று கழன்று மற்றது மாட்டிக்கொண்டால், முழுப் பலகையும் நெம்புகோலாகி அந்த ஒற்றைக் காலைத் திருகும்.

இடது கால் முன்னே இருந்தால் ‘ரெகுலர்’, வலது கால் முன்னே இருந்தால் ‘கூஃபி’. எதிர்பாராமல் ஒருவரைப் பின்னாலிருந்து தள்ளி, எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறார் என்று பார்க்கும் பழைய சோதனையில் எனக்கு நம்பிக்கை குறைவு. காலுறையோடு வழவழப்பான தரையில் ஓடிச் சறுக்கும்போது எந்தக் கால் முன்னே போகிறதோ, அது நம்பகமான விடையைத் தரும்.

இனி திருப்புளியின் வேலை. பைண்டிங்கின் அடித்தட்டு நடுவே வட்டமாகத் திறந்திருக்கும். அந்தத் திறப்பில் டிஸ்க் எனப்படும் வட்டத் தகடு வந்து அமரும். டிஸ்கின் விளிம்பில் நுண்ணிய பற்கள் உண்டு. அவை அடித்தட்டின் பற்களோடு கோத்துக்கொள்ளும். பெரும்பாலான பைண்டிங்குகளில் ஒரு பல் நகர்ந்தால் 3 டிகிரி. கால்விரல்கள் பலகையின் முன்முனை நோக்கித் திரும்பினால் அந்தக் கோணத்தைக் கூட்டல் என்றும், பின்முனை நோக்கித் திரும்பினால் கழித்தல் என்றும் குறிப்பார்கள். டிஸ்கில் உள்ள திருகுத் துளைகள் பல வடிவங்களில் நீள்வட்டமாக இருக்கும். டிஸ்கைக் கால் சுற்று திருப்பிப் போட்டால், அதே துளைகள் பலகையின் நீளவாக்கில் நகர்த்தப் பயன்படுவதற்குப் பதில் குறுக்குவாக்கில் நகர்த்தப் பயன்படும். இதைக் கவனிக்காமல், தன் பலகையில் இடைவெளியைச் சிறிதளவு மாற்றவே முடியாது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கால்களுக்கு இடையிலான அகலத்தையும் பாதங்களின் கோணத்தையும் தனித்தனி அமைப்புகளாகப் பேசுவது வழக்கம். உண்மையில் அவை ஒன்றையொன்று சார்ந்தவை, காரணம் முழங்கால். அது பெரும்பாலும் கதவுக் கீல்போல ஒரே திசையில் மடங்கும் மூட்டு. பாதங்களை நன்றாக அகற்றி, விரல்களை நேராகக் குறுக்கே நிறுத்தி முழங்காலை மடக்கிப் பாருங்கள்: முழங்கால்கள் பாதத்தின் நேர்க்கோட்டை விட்டு உள்ளே சரியும், அவற்றின் உட்பக்கத் தசைநார்கள் இழுபடும். விரல்களைச் சற்று வெளியே திருப்பினால், அதே அகலத்தில் முழங்கால் விரல்களுக்கு நேர்மேலே வந்து நிற்கும். ஆகவே அகலம் கூடினால் கோணமும் கூட வேண்டும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். கீழ்க்கால் எலும்பு இயல்பாகவே வெளிப்புறமாகச் சற்று முறுக்கியிருக்கிறது, அந்த முறுக்கு எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை, ஒரே ஆளின் இரு கால்களிலும்கூட வேறுபடலாம். நண்பரின் எண்களைக் கேட்டு அப்படியே வைத்துக்கொள்வதில் பயனில்லை என்று சொல்வது இதனால்தான்.

தொடக்கத்துக்கு, முழங்கால் சில்லின் அடியிலிருந்து குதிகால்வரை உள்ள நீளத்தை அகலமாக எடுத்துக்கொள்ளலாம். வளர்ந்தவர்களில் பலருக்கு நிற்கும் அகலம் 50 முதல் 60 செ.மீ.க்குள் அமையும். பிறகு தரையில் நின்று சில முறை எம்பிக் குதித்து, இறங்கிய நிலையில் அசையாமல் குனிந்து பாதங்களைப் பாருங்கள். அங்கே தெரியும் கோணம் உங்கள் இடுப்பும் முழங்காலும் விரும்பும் கோணத்துக்கு நெருக்கமானது. முன்பாதம் +15, பின்பாதம் -6 என்பது புதியவருக்குப் பொருந்தக்கூடிய ஒரு தொடக்கம். இரண்டும் 15 டிகிரி வெளியே திரும்பினால் அது வாத்து நடையை நினைவூட்டும் ‘டக் ஸ்டான்ஸ்’, எந்தக் கால் முன்னே இருந்தாலும் ஒன்றுபோல் சறுக்க உதவுவது. ஓரத்தை அழுத்தி வேகமாக வளைந்து செல்பவர்கள் இரு பாதங்களையும் முன்னோக்கியே திருப்பிக்கொள்வார்கள்.

கோணத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. பாதம் நிற்கும் இடத்தில் பலகை 26 செ.மீ. அகலம், பூட்ஸின் நீளம் 30 செ.மீ. என்று கொள்வோம். பூட்ஸைச் சரியாகக் குறுக்கே வைத்தால் விரல் பக்கமும் குதிகால் பக்கமும் 2 செ.மீ. வெளியே நீட்டும், 15 டிகிரி திருப்பினால் அது சுமார் 1.5 செ.மீ. ஆகும், 30 டிகிரியில், பூட்ஸின் அகலத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஏறக்குறைய ஒன்றுமே நீட்டாது. அதிகம் நீட்டினால், பலகை சாயும்போது பூட்ஸ் பனியில் உரசி, ஓரம் பிடியை இழக்கும். இரு பக்கமும் சமமாக நீட்டுகிறதா என்பதும் முக்கியம். ஒரு பக்கம் நெம்புகோல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தால், ஒரு திருப்பம் எளிதாகவும் மற்றது சண்டையாகவும் இருக்கும்.

குதிகால் பக்கத் திருப்பத்துக்கு உதவ, பூட்ஸுக்குப் பின்னால் ஹைபேக் என்ற முதுகுத் தகடு நிற்கிறது. விரல் ஓரத்துக்குக் கெண்டைக்கால் தசையின் பலம் இருக்கிறது. விரல்களை மேலே தூக்கும் முன்பக்கத் தசையோ அவ்வளவு பெரியதல்ல. எனவே காலை ஹைபேக்கின்மேல் சாய்க்கிறோம், அது நெம்பிப் பலகையின் விரல் ஓரத்தை உயர்த்துகிறது. ஹைபேக்கை முன்பக்கம் சாய்த்து வைத்தால் பலகை உடனுக்குடன் பதில் சொல்லும், ஆனால் முழங்கால் எப்போதும் மடங்கியே இருப்பதால் தொடைத் தசை எரியத் தொடங்கும். புதியவர்கள் அதை நேராகவே விட்டுவைக்கலாம்.

முதல் நாள் திருப்புளியைச் சட்டைப்பையில் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது உதவியது என்று தெரியாது. திருகுகளைக் குறுக்கு வரிசையில், ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பலகையின் அடிப்பரப்பில் சிறு குழிகள் விழும். சில இறக்கங்கள் முடிந்ததும் அவற்றை மறுபடி சோதியுங்கள், அதிர்வில் தளர்ந்திருக்கக்கூடும்.