பிக்கப் மாற்றும் முன் நட்டைப் பாருங்கள்

கிட்டார் பழுது பார்ப்பதும் செட்டப் செய்து கொடுப்பதும் என் தொழில். எலெக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மாற்றுவது பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும் காசைச் செலவழித்த பிறகுதான் வந்து கேட்கிறார்கள், அதனால் யாரும் கேட்காமலே இதை எழுதுகிறேன்.

போன வாரமும் அப்படி ஒருவர் வந்தார். கல்லூரியில் படிக்கிற பையன். 14,000 ரூபாய் கிட்டாரில் கிட்டத்தட்ட அதே விலைக்கு வெளிநாட்டு பிக்கப் செட் ஒன்றை வரவழைத்து மாட்டியிருக்கிறார். "அண்ணா, பிக்கப் மாத்தியும் ஜி கம்பி சுருதி நிக்கவே மாட்டேங்குது" என்றார். பிக்கப்புக்கும் சுருதி நிற்பதற்கும் சம்பந்தமே கிடையாது. ட்யூனிங் கீயை மெதுவாகத் திருப்பினேன். முதலில் ஒன்றும் நகரவில்லை, அப்புறம் நட் (நெக்கின் மேல்முனையில், கம்பிகள் பள்ளத்தில் படிந்து போகிற சின்னத் துண்டு) பக்கம் "டிங்" என்று ஒரு சத்தம், சுருதி தாவி மேலே போய்விட்டது. பள்ளம் குறுகல், கம்பி அதில் சிக்கிக்கொள்கிறது. நட் அரத்தால் நாலைந்து இழுப்பு, பள்ளத்தில் கொஞ்சம் பென்சில் கரி. வேலை முடிந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் அது அப்பா கொடுத்த பணம்.

இப்படி ஒருவர் இரண்டு பேர் என்றால் விட்டுவிடலாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் இதே கதையோடுதான் வருகிறார்கள்.

பிக்கப் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. காந்தத்துக்கு மேலே இரும்புக் கம்பி அதிர்கிறது, அந்த அசைவு சுருளில் மின்சாரமாகிறது. அவ்வளவுதான். கம்பி என்ன செய்கிறதோ அதைத்தான் அது எடுத்துச் சொல்லும். கம்பி ஃப்ரெட்டில் (நெக் மேலே குறுக்காகப் பதித்த உலோகப் பட்டி) உரசினால் உரசலையும் சொல்லும், சுருதி விலகினால் விலகலையும் சொல்லும். நல்ல பிக்கப் இன்னும் துல்லியமாகச் சொல்லும். மைக்கை மாற்றினால் பாடகருக்குச் சுருதி சேர்ந்துவிடுமா?

மலிவு கிட்டாரில் உண்மையில் எங்கே காசு மிச்சம் பிடிக்கிறார்கள் தெரியுமா? ஆள் நின்று கையால் செய்ய வேண்டிய வேலைகளில். இன்றைக்கு மரத்தை எந்திரமே வெட்டிவிடுகிறது, நெக் பாக்கெட் (நெக் வந்து பாடியில் பொருந்துகிற குழி) எல்லாம் நன்றாகவே வருகிறது. ஆனால் ஃப்ரெட்டுகளைச் சமப்படுத்துவது, ஓரங்களை மழுக்குவது, நட் பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அராவுவது, இதெல்லாம் ஒரு ஆள் உட்கார்ந்து பொறுமையாகச் செய்ய வேண்டியவை. விலையைக் குறைக்க அந்த நேரத்தைத்தான் வெட்டுகிறார்கள்.

உங்கள் கிட்டாரை எடுத்து இப்போதே பாருங்கள். ஒரு கம்பியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பிக்குக் கீழே இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அதில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைகிறது என்றால் நட் உயரம் அதிகம். அந்தக் கிட்டாரில் ஓப்பன் ஈ கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) பிடித்தாலே முதல் ஃப்ரெட்டில் அழுத்துகிற கம்பி கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறிவிடும். கீழே எவ்வளவு விலையுயர்ந்த பிக்கப் இருந்தாலும் அந்தக் கார்டு அபசுரம்தான். விரலும் வலிக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிற எத்தனையோ பேர் இந்த வலியைத் தங்கள் குறை என்று நினைத்துக் கிட்டாரையே மூலையில் வைத்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அடுத்து ஆம்ப்பில் செருகாமல் வாசியுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டும். எங்காவது கம்பி செத்த மாதிரி சட்டென்று அடங்கினால், கிரீச்சென்றால், ஃப்ரெட் சமமில்லை அல்லது நெக் வளைவு சரியில்லை என்று பொருள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்புகிற சுரம்) அதே இடத்தில் அழுத்தி வாசிக்கிற சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சாடிலை (பாடியில் இருக்கிற பிரிட்ஜின் மேல் கம்பி உட்காருகிற துண்டு) நகர்த்த வேண்டும். அழுத்தின சுரம் ஏறியிருந்தால் பின்னால், இறங்கியிருந்தால் முன்னால். ஒரு திருப்புளி போதும். அதற்கு முன்னால் புதுக் கம்பி மாட்டுங்கள். கடையில் வாங்கின நாளிலிருந்து அதே கம்பி, அதில் துரு, நம் ஊர்க் காற்றுக்கும் கை வியர்வைக்கும் அது தாங்குமா? "சவுண்ட் மங்கலா இருக்கு" என்று வருகிற கிட்டார்களில் கணிசமானவை சில நூறு ரூபாய்க் கம்பியில் சரியாகிவிடுகின்றன.

இதையெல்லாம் செய்த பிறகு பிக்கப்பின் உயரம். பைசா செலவில்லாத விஷயம், ஆனால் யாரும் தொடுவதே இல்லை. கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, காந்தத் தூணின் தலைக்கும் கம்பியின் அடிப்பகுதிக்கும் நடுவே அளக்க வேண்டும். சாதாரண ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை சிங்கிள் காயிலுக்குத் (ஒரே சுருள் உள்ள பிக்கப்) தடித்த ஈ பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய ஈ பக்கம் 1.6 மில்லிமீட்டர். இங்கிருந்து தொடங்கிக் காதுக்கேற்ப கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ரொம்பப் பக்கத்தில் வைத்தால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும், தடித்த ஈ கம்பியில் மேல் ஃப்ரெட்டுகளில் ஒரே சுரம் இரண்டாகப் பிளந்து அலைகிற மாதிரி கேட்கும். மலிவு சிங்கிள் காயில்கள் பலவற்றில் இரும்புத் தூணும் அடியில் ஒட்டின செராமிக் காந்தமும்தான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, தூணே காந்தமாக இருக்கிற ஆல்னிகோ பிக்கப்பை அதே உயரத்தில் வைத்தால் இழுப்பு கூடிவிடும். அந்தப் பையனின் கிட்டாரிலும் அதுதான். புதுப் பிக்கப்பால் சத்தம் கெட்டுப்போயிருந்தது, இறக்கி வைத்ததும் சரியானது.

இனி என்னை மிகவும் எரிச்சலூட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். "இது செராமிக், அதனால டப்பா. இது ஆல்னிகோ, அதனால ஒரிஜினல்." இதை யார் கிளப்பிவிட்டார்களோ. 1972-ல் வந்த டிமார்சியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன், கிட்டாரில் இருப்பதைக் கழற்றிவிட்டு இதை மாட்டுங்கள் என்று தனியாக விற்கப்பட்ட பிக்கப்புகளில் முன்னோடி. அதில் இருப்பது செராமிக் காந்தம். இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறார்கள். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது ஆல்னிகோ, அதிலும் பல ரகம். ஒரு பிக்கப்பின் குணம் காந்தம், சுற்று எண்ணிக்கை, வயரின் தடிமன், சுருளின் வடிவம் எல்லாம் சேர்ந்து வருவது. காந்தத்தின் பெயரை மட்டும் வைத்துத் தரம் சொல்ல முடியாது.

அதே ரகம்தான் ஓம் கணக்கும். மல்ட்டிமீட்டர் வைத்து "இது 7 கிலோ ஓம், அது 14 கிலோ ஓம், அப்போ அது ரெண்டு மடங்கு பவர்" என்கிறார்கள். இல்லை. அது சுருளின் மின்தடை, சத்தத்தின் அளவு அல்ல. அதே எண்ணிக்கையில் மெல்லிய வயரைச் சுற்றினாலே தடை கூடிவிடும், வெளியே வருகிற சிக்னல் கூடாது. காந்தம் பலவீனமாக இருந்தால் எத்தனை கிலோ ஓம் இருந்தும் பயனில்லை. தாமிரத்தின் தடை வெப்பத்தோடு ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டுகிற பிக்கப் 35 டிகிரியில் கிட்டத்தட்ட 8.5 காட்டும். ஏசி அறையில் ஒரு அளவு, மே மாதத்து மொட்டைமாடி அறையில் வேறு அளவு. பிக்கப் ஒன்றுதான். ஒரே ரகத்தில் இரண்டை ஒப்பிடவும், சுருள் அறுந்திருக்கிறதா என்று பார்க்கவும் இந்த எண் உதவும். அதைத் தாண்டி இதை நம்பிக் காசு போடாதீர்கள்.

வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வாசிக்கிறவர் தேர்ந்த கை. கிட்டார் செட்டப் செய்தது, வால்வு ஆம்ப், நல்ல மைக், அதற்கு மேல் மிக்ஸிங். நீங்கள் அதே பிக்கப்பை ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் உள்ள 10 வாட் பிராக்டிஸ் ஆம்ப்பில் கேட்கப்போகிறீர்கள். ஸ்பீக்கர் மாறினால் வருகிற வித்தியாசத்தின் பக்கத்தில் பிக்கப் மாற்றம் சின்னது. உங்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு நல்ல ஆம்ப் வைத்திருக்கிற நண்பர் வீட்டுக்கோ ஜாம் ரூமுக்கோ போய் ஒருமுறை செருகிப் பாருங்கள். அங்கே நன்றாகக் கேட்டால் உங்கள் பிக்கப்பில் கோளாறு இல்லை.

அப்படியானால் மாற்றவே கூடாதா? மாற்றலாம், நானே மாட்டிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நெக் உங்கள் கைக்குப் பிடித்திருக்க வேண்டும், ஃப்ரெட்டும் நட்டும் சரியாக இருக்க வேண்டும், இந்தக் கிட்டாரைச் சில வருடங்களுக்கு விடப்போவதில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். அதோடு பிக்கப்பிடம் என்ன குறை என்று ஒரு வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடிய வேண்டும். டிஸ்டார்ஷன் ஏற்றினால் வாசிக்காதபோதும் கீச்சென்று கத்துகிறது, சிங்கிள் காயிலின் இரைச்சல் ரெக்கார்டிங்கில் தாங்கவில்லை, பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (இரைச்சலைக் குறைக்க இரண்டு சுருள் உள்ள பிக்கப்) வேண்டும், ஒரு சுருள் செத்துவிட்டது, இப்படி. "இன்னும் நல்லா இருக்கணும்" என்பது குறை அல்ல. அதைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். மூன்று பிக்கப் இருந்தால் மூன்றையும் ஒரேயடியாக மாற்றாமல் பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் மாற்றினால் பாதிப் பேருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

இரைச்சல் என்றால் பிக்கப்பைக் குற்றம் சொல்லும் முன் அறையைப் பாருங்கள். ஃபேன் ரெகுலேட்டர், டியூப் லைட், லேப்டாப் சார்ஜர் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும். உள்ளே செம்புத் தகடு ஒட்டி ஷீல்டு செய்தால் ஓரளவு குறையும், ஆனால் சிங்கிள் காயிலின் 50 ஹெர்ட்ஸ் ஹம் முழுக்கப் போகாது. அதற்காகத்தான் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-ல் இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டார்.

வாங்குவது என்று முடிவானால் முதலில் அளவெடுங்கள். பிரிட்ஜில் கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம், பாடி குழியின் ஆழம், பிக்கார்டின் (பாடி மேல் இருக்கிற பிளாஸ்டிக் தகடு) துளை. பல மலிவு கிட்டார்களில் சின்ன பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கிற மின்தடைப் பாகம்) இருக்கும், பெரிய பாட் வாங்கி வந்தால் அதன் மரையுள்ள கழுத்து துளைக்குள் நுழையாது. சின்ன பாட் மட்டம் என்று அர்த்தமில்லை, மதிப்புதான் முக்கியம். சிங்கிள் காயிலுக்கு 250 கே (கிலோ ஓம்), ஹம்பக்கருக்கு 500 கே. ஹம்பக்கர் போட்டுவிட்டு 250 கே-யை அப்படியே விட்டால் மந்தமாகக் கேட்கும், அப்புறம் பிக்கப்பைத் திட்டுவீர்கள். ஒரு பிக்கப்பை மட்டும் மாற்றியபின் பழையதையும் புதியதையும் சேர்த்து ஒலிக்கவிடும்போது சத்தம் ஒல்லியாகி பேஸ் காணாமல் போனால் இரண்டின் ஃபேஸ் (சிக்னல் அலை ஏறி இறங்குகிற திசை) எதிராக இருக்கிறது, வயரிங்கில் தீர்க்கலாம், பயப்பட வேண்டாம்.

தம்பிகளே, பிக்கப் பக்கத்தில் இரும்புத் திருப்புளியை அலட்சியமாகக் கொண்டுபோகாதீர்கள். காந்தம் இழுத்து முனை சுருளில் குத்தினால் வயர் அறுந்துவிடும், அந்த வயர் 0.06 மில்லிமீட்டர் தடிமன்தான். பாட் முதுகில் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டே இருக்காதீர்கள், உள்ளே கருகிவிடும். கீச்சுச் சத்தத்தை நிறுத்த பிக்கப்பை மெழுகில் முக்கும் வழக்கம் உண்டு, ஆனால் பாரஃபின் மெழுகை நேராக அடுப்பில் வைப்பது தீயோடு விளையாடுவது. வயர் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் பாபினும் உருகிப்போகும். வீட்டில் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரைச்சல் குறைகிறது என்று ஆம்ப்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டு வருகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குகிறது. உங்கள் கிட்டார் கம்பி பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக ஆம்ப்பின் உடலோடு சேர்ந்திருக்கிறது. ஆம்ப்பில் கசிவு ஏற்பட்டால் அது போக வேண்டிய வழியை வெட்டிவிட்டீர்கள், மிச்சமிருப்பது உங்கள் உடம்புதான். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்ஸீ நகரில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டதால். கம்பியைத் தொடும்போது இரைச்சல் குறைந்தால் அது இயல்பு. சுள்ளென்று ஷாக் அடித்தால் அப்படியே நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிக்கப் செலவுக்கு முன்னால் வீட்டு எர்த்தையும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச்) இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிக்கப் மாற்றியதால் கிட்டாரின் மறுவிற்பனை விலை ஏறாது. அதனால் கழற்றிய பழைய பிக்கப்பை, பாட், ஸ்விட்ச், திருகாணி எல்லாவற்றோடும் ஒரு கவரில் போட்டு, எந்த வயர் எங்கே இருந்தது என்று ஃபோனில் எடுத்த படத்தோடு பத்திரமாக வையுங்கள். கிட்டாரை விற்கிற நாளில் பழையதை மாட்டி விற்றுவிட்டு, நல்ல பிக்கப்பை அடுத்த கிட்டாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.