பெயர் இல்லை, ஆனாலும் ஊருக்கே தெரியும்

குடும்ப வழக்குக்காகக் கிளிநொச்சியில் சட்டத்தரணியான என்னிடம் வருபவர்கள் முதலில் கேட்பது சட்டத்தைப் பற்றி அல்ல. "சேர், இது பேப்பரில் வருமா?" என்றுதான் கேட்பார்கள். சில வருடங்களாகப் பேப்பரின் இடத்தைப் பேஸ்புக் பிடித்திருக்கிறது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கணவனின் அடி தாங்காமல் ஒரு தாய் பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தார். (அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரண்டு நாட்களில் ஒரு செய்தித் தளம் அதை எழுதிவிட்டது. பெயரைப் போடவில்லை, படத்தையும் மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் கிராமம், வயது, தையல் தொழில், மூத்த மகள் படிக்கும் வகுப்பு எல்லாம் இருந்தன. ஏ-9 வீதியிலிருந்து உள்ளே போனால் ஒரு குளம், ஒரு பாடசாலை, ஒரு சங்கக்கடை. அவ்வளவுதான் அந்த ஊர். அங்கே தையல் தைக்கும் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அடுத்த தவணைக்கு அந்தத் தாய் வந்தது வழக்கை விலக்கிக்கொள்வதற்காக. "வகுப்பில் போனில் எடுத்துக் காட்டினார்களாம் சேர். பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள்" என்றார். பொலிஸில் முறைப்பாடு செய்வோம் என்று சொன்னேன். அதுவும் செய்தியாகிவிடும் என்று மறுத்துவிட்டார். அவர் அந்த வீட்டுக்கே திரும்பிப் போனதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இத்தனைக்கும் சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, விண்ணப்பித்தவரையோ எதிர்மனுதாரரையோ அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவது குற்றம். சட்டம் பெயரோடு நிற்கவில்லை. அடையாளம் காட்டும் 'எதையும்' தடுக்கிறது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டினால், தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின் கீழ் இரண்டு வருடம் வரை சிறை செல்ல நேரிடும். அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை நீதிமன்ற அமர்வுகள் பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்கிறது. ஆனால் குடும்ப உறவு பற்றிய வழக்கில், தொடர்பில்லாதவர்களை வெளியே அனுப்பும் அதிகாரத்தையும் அதே உறுப்புரை நீதிபதிக்குக் கொடுக்கிறது. இந்த அதிகாரத்தைப் பயன்படுத்துமாறு கேட்கலாம் என்பது வழக்காளிகளில் பலருக்குத் தெரியாது. தவணைக்கு முன்பே உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். அவர் மன்றில் விண்ணப்பம் செய்வார்.

அப்படியானால் குடும்ப வழக்குகளைப் பற்றி யாரும் எதுவும் எழுதவே கூடாதா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். எழுதாமல் விடுவதாலும் பெண்களும் பிள்ளைகளும் பாதிக்கப்படுவதைத் தினமும் பார்க்கிறேன். "கோடு கச்சேரி ஏறினால் குடும்பம் குட்டிச்சுவர்" என்ற பேச்சு ஊரில் நிற்பதற்கு, உள்ளே நடப்பது வெளியே தெரியாததும் ஒரு காரணம். போரின் கடைசி வருடங்களில் பிள்ளைகளை ஆட்சேர்ப்பிலிருந்து காப்பாற்ற வன்னியில் அவசர அவசரமாகக் கலியாணம் செய்துவைத்தார்கள். பதிவு செய்ய வழியில்லாமல் போன கலியாணங்கள் பல. அப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தாபரிப்பு (பராமரிப்புப் பணம்) கேட்க முடியாது என்று நம்பிக்கொண்டே வருடங்களைக் கழித்த தாய்மாரைச் சந்தித்திருக்கிறேன். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் பதிவுத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் தாபரிப்புக் கொடுத்தாக வேண்டும். 18 வயதைத் தாண்டிய பிள்ளையும் 25 வயது வரை கேட்க முடியும். தகப்பன் சம்பளக்காரன் என்றால் அந்தத் தொகையைச் சம்பளத்திலேயே கழித்து அனுப்பும்படி மன்று கட்டளையிடலாம். இப்படியொரு கட்டளை கிடைத்த செய்தியை யாருடைய பெயரும் ஊரும் இல்லாமல் ஒரு பத்திரிகை எழுதியிருந்தால், அந்தத் தாய்மாரில் சிலராவது முன்னரே வந்திருப்பார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதே சிக்கலுக்கு வழி தேடியிருக்கிறார்கள். அங்கே குடும்ப நீதிமன்றத்துக்குள் செய்தியாளர்கள் போகலாம், ஆனால் கண்டதை எழுத முடியாது என்ற நிலை நீண்டகாலம் இருந்தது. 2023 ஜனவரியில் லீட்ஸ், கார்டிஃப், கார்லைல் ஆகிய மூன்று இடங்களில் பரீட்சார்த்தமாக எழுத அனுமதித்தார்கள். 2025 ஜனவரி முதல் அது மற்ற இடங்களுக்கும் விரிந்தது. எதை எழுதலாம், எதை மறைக்க வேண்டும் என்று நீதிபதி கட்டளை பிறப்பிப்பார். குடும்பத்தின் அடையாளம் வெளியே வரக்கூடாது. லண்டனில் பிள்ளையின் வழக்கு நடக்கிறது என்று இங்கிருந்து கவலைப்படும் அப்பம்மா, அம்மம்மாமாருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அங்கே போதுமான மறைப்பு இங்கே போதாது. பெருநகரத்தில் 'முப்பத்தைந்து வயதுத் தாய்' என்றால் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. புதுக்குடியிருப்பிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு குடியேற்றக் கிராமத்தின் பெயரைப் போட்டால் வயது கூடத் தேவையில்லை. அதனால் நான் செய்தியாளர்களிடம் கேட்பது இதுதான்: ஊருக்குப் பதிலாக மாவட்டத்தைப் போடுங்கள். தொழிலையும் பாடசாலையையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் விட்டுவிடுங்கள். கணவனின் பெயரைப் போட்டால் மனைவியின் பெயரையும் போட்டதாகிவிடும். அந்த இடத்தில் வழக்கு எத்தனை தவணை இழுபட்டது, எதற்காக ஒத்திவைக்கப்பட்டது, மன்று என்ன கட்டளையிட்டது, அது நிறைவேறியதா என்று எழுதுங்கள். எங்களைப் போன்ற சட்டத்தரணிகள் காரணமில்லாமல் தவணை கேட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஏற்கனவே செய்தி வந்துவிட்டதென்றால் அதை யாருக்கும் பகிர வேண்டாம், "இது பொய்" என்று எழுதிப் பகிரவும் வேண்டாம். திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைப்பு முகவரியையும் குறித்துவைத்து, அன்றைக்கே சட்டத்தரணியிடம் காட்டுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். பிள்ளை பாதிக்கப்பட்டிருந்தால் 1929 என்ற இலக்கத்தை அழையுங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சொல்லலாம்.