ட்ரம்பெட்டுக்கும் ட்ராம்போனுக்கும் நடுவே: மெலஃபோனியம் செய்த வேலையும் கொடுத்த தலைவலியும்

ஜாஸ் பிக் பேண்டில் பித்தளைக் கருவிகள் வழக்கமாக இரண்டு வரிசை: மேலே ட்ரம்பெட், கீழே ட்ராம்போன். பியானோவில் அமர்ந்து குழுவை நடத்திய ஸ்டான் கென்டனுக்கு இந்த இரண்டும் போதவில்லை. நடுவில் மூன்றாவதாக ஒரு குரல் தேடினார். 1960-இல் அவர் கைக்கு வந்தது மெலஃபோனியம். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் நகரத்து கான் நிறுவனத் தயாரிப்பு.

அந்த நடுக்குரலுக்கு ஃபிரெஞ்சு ஹார்ன் ஏன் ஆகவில்லை? 1940-களிலேயே கிளாட் தார்ன்ஹில் தன் குழுவில் ஹார்னைச் சேர்த்தார். ஆனால் அது அடக்கி வாசிக்கும் குழு. ஹார்னில் ஒலி வெளிவரும் விரிந்த வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். வாசிப்பவரின் கையும் அதற்குள் இருக்கும். பக்கத்தில் ஐந்து ட்ரம்பெட் முழங்கும்போது அது எடுபடாது. மெலஃபோனியத்தின் பெரிய வாயோ நேராக முன்னே, கேட்பவரைப் பார்த்து விரிகிறது. வால்வுகளும் (அழுத்தினால் குழாயை நீட்டிச் சுரத்தை இறக்குபவை) ட்ரம்பெட்டைப் போலவே வலக்கை விரல்களுக்கு.

முக்கியமான வித்தியாசம் குழாயின் நீளத்தில் இருக்கிறது. சுருளைப் பிரித்து நீட்டினால் ட்ரம்பெட் ஏறக்குறைய 1.5 மீட்டர், ட்ராம்போன் 2.7 மீட்டர். எஃப் சுருதி மெலஃபோனியம் சுமார் 2 மீட்டர். அதே சுருதி ஹார்னின் நீளத்தில் இது ஏறத்தாழ பாதி.

பாதி நீளம் என்பதால் என்ன லாபம்? ஒரு குழாயில் வால்வை அழுத்தாமலே பல சுரங்கள் கிடைக்கும். இவை சீரிசைகள், ஏணிப்படி மாதிரி அடுக்கியிருக்கும், மேலே போகப்போக படிகள் நெருங்கும். 349 ஹெர்ட்ஸ் எஃப் சுரம் ஹார்னில் எட்டாவது படி. ஒன்பதாவது படி அதிலிருந்து ஒரு முழுச்சுரம்தான், அதாவது இரண்டு அரைச்சுரம்தான், தள்ளி. உதடு கொஞ்சம் பிசகினால் பக்கத்துச் சுரம் பேசிவிடும். மெலஃபோனியத்தில் அதே சுரம் நான்காவது படி. அடுத்த படிக்கு நான்கு அரைச்சுர இடைவெளி. வேகமான ஜாஸ் வரிகளில் தாக்கிப் பிடிக்க இதுதான் தோது.

தொல்லை சுருதியில் வந்தது. இதன் ஒரு பகுதி எல்லா வால்வுக் கருவிகளுக்கும் உள்ளது. முதல் வால்வு முழுச்சுரம் இறக்க குழாயை 12.2% நீட்டுகிறது, மூன்றாவது, ஒன்றரைச் சுரம் இறக்க 18.9%. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கிடைப்பது 31.1% நீட்சி. ஆனால் இரண்டரைச் சுரம் இறங்க 33.5% வேண்டும். குழாய் போதாததால் சுரம் சுமார் 30 சென்ட் ஏறி ஒலிக்கும் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). மூன்று வால்வையும் அழுத்தினால் பிழை 50 சென்டைத் தாண்டும். மூன்றாவது வால்வின் குழாயைக் கொஞ்சம் கூடுதல் நீளமாகச் செய்து தயாரிப்பாளர்கள் இதைப் பங்கிட்டுச் சமாளிப்பார்கள். மிச்சத்தை உதடுதான் சரிக்கட்ட வேண்டும்.

மெலஃபோனியத்தில் மவுத்பீஸும் சேர்ந்து படுத்தும். மவுத்பீஸின் குழிவு வெறும் ஊதுவாய் அல்ல, குழாயின் ஒரு பகுதி. அது குழாயோடு கூட்டும் நீளம் மேல்சுரங்களில் அதிகமாகும். எனவே கொள்ளளவு பொருந்தாவிட்டால் எல்லாச் சுரமும் ஒரே அளவில் விலகாது. கீழ்ச்சுரம் சேரும், மேல்சுரம் சேராது. மொத்தக் குழாயையும் நீட்டிக் குறைக்கும் ட்யூனிங் ஸ்லைடை இழுத்து இதைத் தீர்க்க முடியாது. கென்டன் குழுவில் இதை வாசித்தவர்களோ சிலர் ட்ரம்பெட்டிலிருந்தும் சிலர் ஹார்னிலிருந்தும் வந்தவர்கள். ஒருவருக்குக் கிண்ணக் குழிவு பழக்கம், மற்றவருக்கு ஆழமான புனல்.

நான்கு மெலஃபோனியம், ஐந்து ட்ரம்பெட், ட்ராம்போனும் டியூபாவும் சேர்த்து ஐந்து: பித்தளை மட்டும் 14 பேர். 440 ஹெர்ட்ஸில் இருவர் 10 சென்ட் விலகினாலே நொடிக்கு இரண்டரை விம்மல் (ஒலி ஏறி இறங்கும் அதிர்வு) கேட்கும். ஆளுக்கொரு சுரமாக நெருக்கமான கார்டு வாசிக்கும்போது ஒருவரின் பிழைகூட மறையாது. நால்வரும் ஒரே மெட்டை ஒன்றாக வாசித்தால் கதை வேறு: சிறுசிறு விலகல்கள் கலந்து ஒலி தடிமனாகிறது. இந்தக் கருவியின் உண்மையான பலம் அங்கேதான். ஜானி ரிச்சர்ட்ஸ் அரேஞ்ச் செய்து 1961-இல் பதிவான ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ ஆல்பத்தைக் கேட்டால் அந்த ஒலி கிடைக்கும். கிராமி விருது வாங்கிய ஆல்பம்.

1963 இறுதியில் கென்டன் அந்தக் குழுவைக் கலைத்தார். முன்னோக்கிய வாய் மட்டும் அணிவகுப்பு பேண்டுகளில் வாசிக்கும் மெலஃபோன் என்ற உறவுக் கருவியில் தொடர்கிறது. இன்று பெரும்பாலும் அதன் மவுத்பீஸ் துளை ட்ரம்பெட் அளவில் வருகிறது. ஹார்ன்காரர்கள் அடாப்டர் போட்டுத் தங்கள் மவுத்பீஸைச் செருகுகிறார்கள். செருகியதும் மேல்சுரங்கள் பழையபடி தகராறு செய்கின்றன.