குயில்ட்: போர்வையா, தையலா?

தடித்த போர்வை எதைக் கண்டாலும் 'குயில்ட்' என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. படுக்கை விரிப்புக் கடைகளில் அப்படித்தான் எழுதி ஒட்டுகிறார்கள். இன்னொரு பக்கம், பல நிறத் துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்த அமெரிக்கப் போர்வையின் படத்தைப் போட்டு, அதற்குத் தமிழில் 'ஒட்டுப் போர்வை' என்று பெயர் கொடுக்கிறார்கள். இரண்டிலும் கோளாறு இருக்கிறது. கடைக்காரர் சொல்லை அளவுக்கு மீறி அகட்டுகிறார். மொழிபெயர்ப்பவர் வேறொரு வேலையின் பெயரை இதற்குச் சூட்டுகிறார்.

குயில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. இந்த மூன்றையும் ஊடுருவிப் பரப்பு முழுக்கத் தையல் ஓட வேண்டும். ஓரத்தை மட்டும் தைத்தால் அது பஞ்சு அடைத்த உறை; நாலு சலவையில் பஞ்சு ஒரு மூலையில் போய்க் குவிந்துவிடும். அந்த ஊடுதையலுக்குத்தான் குயில்டிங் என்று பெயர். மேல்துணி ஒரே துணியாக இருக்கலாம், நூற்றுக்கணக்கான துண்டுகளைச் சேர்த்ததாகவும் இருக்கலாம். துண்டு சேர்ப்பது 'பேட்ச்வொர்க்'. செய்கிறவர்கள் பேச்சில் 'பீசிங்'. நாம் ஒட்டுப் போடுவது என்று சொல்வது இதைத்தான்.

சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'குல்கிதா' என்றால் கம்பளியோ இறகோ அடைத்த படுக்கை, திண்டு. அதாவது நம் மெத்தை. அது பழைய பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் பொருள் மெத்தைதான், மேலே படுப்பதற்கான பொருள். போகப் போகப் படுப்பதிலிருந்து போர்த்துவதற்கு இடம் மாறியது. 'குயில்ட் செய்' என்கிற வினை பிறகு வந்தது. படுக்கை விரிப்புக்கு ஆங்கிலத்தில் 'கவுன்டர்பேன்' என்று ஒரு சொல் உண்டு. அதன் வேரில் 'குல்கிதா புங்க்தா' இருக்கிறது: குத்தப்பட்ட மெத்தை. ஊசியால் குத்தித் தைத்தது என்பது பொருள். ஆக, இன்று நாம் குயில்ட் என்று அழைப்பதன் சரியான இலக்கணம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பழந்தமிழில் 'குயிலுதல்' என்றால் துளையிடுதல். மணியில் துளையிடுவோரை மதுரைக்காஞ்சி 'திருமணி குயினர்' என்கிறது. துளை, ஊசி, குயில்ட் என்று முடிச்சுப் போட்டு, இதுவும் நம்மிடமிருந்து போன சொல் என்று யாராவது கிளம்பக்கூடும். லத்தீன் வழி தெளிவாக இருக்கும்போது அதற்கு வேலையே இல்லை. ஓசை ஒற்றுமை தற்செயல்.

குயில்டுக்கும் ஒட்டுத்துணிக்கும் உறவு கட்டாயம் இல்லை என்பதற்குச் சாட்சி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் செய்த டிரிஸ்டன் குயில்ட். லினன் துணி இரண்டுக்கு இடையே பஞ்சை வைத்து, தையல் கோட்டாலேயே, ஐரோப்பிய இடைக்காலக் கதைகளின் வீரனான டிரிஸ்டனின் கதையைக் காட்சி காட்சியாக எழுப்பியிருக்கிறார்கள். உருவங்கள் புடைத்து நிற்கின்றன. ஒரு ஒட்டுத்துண்டு கிடையாது. படம் வரைந்தது முழுக்கத் தையல். இடைக்காலப் போர்வீரர்கள் இரும்புக் கவசத்துக்கு அடியில் அணிந்ததும் இதே வகை அடுக்குத் தையல் சட்டைதான். நம் சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. இங்கிருந்து போன பூவேலைப் படுக்கை விரிப்புகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விரும்பி வாங்கினார்கள். பூக்களையும் பறவைகளையும் கத்தரித்து வேறு துணியில் பதித்து, அதைக் குயில்டாகத் தைத்தார்கள்.

அமெரிக்க வீடுகளில் குயில்ட் செய்கிறவர்களைக் கேட்டால் இந்த வேறுபாடு உடனே புரியும். துண்டு வெட்டி மேல்துணி சேர்ப்பது அவர்களுக்கு விளையாட்டு. நிறம் பார்க்கலாம், வடிவம் பார்க்கலாம், மடியில் வைத்துக்கொண்டே செய்யலாம். மேல்துணி முடிந்ததும் அலமாரிக்குப் போகிறது, அடுத்த மேல்துணி தொடங்குகிறது. ஏனென்றால் குயில்டிங் அதற்கப்புறம்தான் வருகிறது, அங்கேதான் கை நடுங்குகிறது. அந்த அலமாரிக் குவியலுக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'யூஎஃப்ஓ'. பறக்கும் தட்டு அல்ல. 'அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்', முடிக்காத பொருள் என்பதன் சுருக்கம். முடிப்பதற்குக் காசு கொடுத்து வெளியே அனுப்புவதைக் 'காசோலைக் குயில்டிங்' என்று கிண்டல் செய்வார்கள்.

அப்படி என்ன கஷ்டம்? வீட்டுத் தையல் மெஷின் ரவிக்கையும் சட்டையும் தைப்பதற்காகப் பிறந்தது. இரண்டு மடிப்புத் துணி, கையடக்கமான அளவு. ஊசித்தட்டுக்கு அடியிலிருந்து எழும் பற்கள் துணியைப் பிடித்துப் பின்னால் தள்ளுகின்றன. மூன்று அடுக்கை வைத்தால் அந்தப் பற்கள் அடித்துணியை மட்டும்தான் பிடிக்கும். மேல்துணி, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாதத்துக்கு அடியில் இழுபட்டுப் பின்தங்கும். நடுவில் பஞ்சு வழுக்கும். ஒரு வரியில் தெரியாது. பத்து வரிகள் தைத்து, குறுக்கே ஒரு வரி ஓட்டும்போது, சேர்ந்து வந்த தளர்ச்சி எல்லாம் ஒரே இடத்தில் மடிப்பாக விழும். அதுவும் பெரும்பாலும் பின்புறத்தில், கண்ணுக்குத் தெரியாமல்.

இதற்காக வந்ததுதான் 'வாக்கிங் ஃபுட்'. மேலேயும் ஒரு ஜோடிப் பற்கள் உள்ள பருமனான பாதம். அதன் பக்கவாட்டுக் கை ஊசித்திருகின் மேல் உட்கார்ந்து, ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் மேல்துணியையும் நகர்த்தும். நேர்க்கோட்டுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதோடு நின்றாலே முக்கால் கிணறு தாண்டியாகிவிடும் என்பது என் எண்ணம்.

பூ, இலை, சுருள் வேண்டும் என்றால் 'ஃப்ரீ மோஷன்'. பற்களை இறக்கிவிட்டு, துணியைக் கையால் நகர்த்த வேண்டும். பேனாவை அசையாமல் நிறுத்தி, தாளை நகர்த்திக் கையெழுத்துப் போடுவது மாதிரி. தையலின் நீளத்தை இப்போது மெஷின் முடிவு செய்யாது. கை வேகமாகவும் மோட்டார் மெதுவாகவும் போனால் தையல் எட்டி எட்டி விழும். மோட்டார் வேகமாகி கை தயங்கினால் பொடிப் புள்ளிகளாக ஒரே இடத்தில் குவியும். வளைவில் திரும்பும்போது கை தன்னை அறியாமல் வேகம் எடுக்கும். அப்போது அடிநூல் வளைவின் உட்பக்கமாக இழுபட்டு, வரிசையாகக் கண்ணிகள் நிற்கும். குயில்டர்கள் அதற்குக் 'கண் இமை முடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் தையல் அழகாக இருக்கும். திருப்பிப் பார்த்தால்தான் இமைகள். அதனால் பழகியவர்கள் பெரிய போர்வையில் கை வைப்பதற்கு முன், அதே துணி, அதே பஞ்சு, அதே நூலில் ஒரு சிறு துண்டை ஓட்டி, திருப்பிப் பார்த்து, டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, சரி செய்கிறார்கள்.

பாரம் இன்னொரு தொல்லை. வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி பொதுவாக 6 முதல் 8 அங்குலம். இருவர் போர்த்தும் போர்வை 90 அங்குல அகலம். நடுப்பகுதியைத் தைக்கும்போது 45 அங்குலத் துணியும் பஞ்சும் சுருட்டப்பட்டு அந்தச் சந்துக்குள் நுழைந்து இருக்க வேண்டும். மீதி மேசைக்கு வெளியே தொங்கினால், அதன் எடை ஊசியை வளைக்கும். தையல் சுருங்கும், சில நேரம் ஊசியே ஒடியும். மெஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் மேசை போட்டு எடையைத் தாங்கவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். தையலை எப்போதும் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும்; ஓரத்தில் தொடங்கினால் தளர்ச்சி நடுவில் சிக்கிக்கொள்ளும், வெளியேற வழி இருக்காது.

இவ்வளவும் சரியாக நடக்க, முன்னால் ஒரு வேலை இருக்கிறது: 'பேஸ்டிங்', நம் தையல் பாடங்களில் தற்காலிகத் தையல். அடித்துணியைத் தரையில் சுருக்கமில்லாமல் ஒட்டுநாடாவால் பிடித்து, பஞ்சை விரித்து, மேல்துணியைப் பரப்பி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துவார்கள். முழங்கால் வலிக்கும் வேலை. இதில் சோம்பல் பட்டால் பிற்பாடு எந்தப் பாதமும் காப்பாற்றாது. பஞ்சு உறையில் அச்சிட்டிருக்கும் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: தையல் வரிகளுக்கு நடுவே இத்தனை அங்குலத்துக்கு மேல் விடக்கூடாது என்று. சிலவற்றுக்கு 8, 10 அங்குலம்கூட விடலாம். தளர்வான பஞ்சுக்கு நெருக்கமாகத் தைத்தாக வேண்டும்.

கைத்தையலே உயர்ந்தது, மெஷின் தையல் குறுக்குவழி என்ற எண்ணம் அமெரிக்காவில் நீண்ட காலம் இருந்தது. 1989-இல் கென்டக்கி மாநிலம் பதூகாவில் அமெரிக்கன் குயில்டர்ஸ் சொசைட்டி நடத்திய கண்காட்சியில், கேரல் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் குயில்ட் செய்த சூரிய கிரகணப் போர்வை முதன்மைப் பரிசு வாங்கியது. அந்தப் பரிசை மெஷின் தையல் பெற்றது அதுதான் முதல் தடவை. முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். வீட்டு மெஷினோடு போராடிப் பார்த்த யாரும் அதைக் குறுக்குவழி என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

முதலில் நினைவுக்கு வருவது 'கந்தை'. வடமொழியில் 'கந்தா' என்றால் பழந்துணிகளைச் சேர்த்துத் தைத்த ஆடை. வங்காளத்துக் 'காந்தா'வும் அதே சொல்தான்: பழைய சேலைகளை அடுக்கி, பரப்பு முழுக்க நெருக்கமான ஓட்டுத் தையல் போட்ட விரிப்பு. அங்கே அது பெருமையான கலை. நம்மிடம் அந்தச் சொல் கிழிசலாகிவிட்டது. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று சொல்லிப் பழகிய காதில், பரிசாகக் கொடுக்கும் போர்வையைக் கந்தை என்றால் யாரும் வாங்க மாட்டார்கள். கன்னடத்தில் 'கவுதி', தெலுங்கில் 'பொந்த', இந்தியில் 'ரஜாய்' எல்லாம் புழக்கத்தில் உயிரோடு இருக்கின்றன. தமிழில் பழைய நூல் சேலையை நாலாக மடித்துத் தைத்துக் குழந்தைக்குப் போட்டாலும், அதை வெறும் 'துணி' என்றே சொல்கிறோம்.

'மெத்தைப் போர்வை' என்று சிலர் எழுதுகிறார்கள். லத்தீன் வேரோடு பொருந்துகிறது, ஆனால் மெத்தைமேல் விரிக்கும் போர்வை என்றும் படிக்கலாம். 'பஞ்சுப் போர்வை'யில் பஞ்சு இருக்கிறது, தையல் இல்லை. பொருளுக்கு 'அடுக்குப் போர்வை' என்பது என் தேர்வு. பார்த்ததும் மூன்று அடுக்கு புரியும்.

தையலுக்குத்தான் நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: துன்னல். பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்திருந்தது 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்', வேறு நூல் ஊடே நுழைந்து தைக்கப்பட்ட கந்தல். சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் 'துன்னகாரர்' இருக்கிறார்கள், தையற்காரர்கள்; தோல் தைப்பவர்கள் 'தோலின் துன்னர்'. துன்னுதலுக்குத் தைத்தல் என்பதோடு நெருங்குதல், செறிதல் என்ற பொருளும் உண்டு. மூன்று அடுக்கை நெருக்கிச் செறிய வைக்கும் தையலுக்கு இதைவிடப் பொருத்தமாகத் தேடினாலும் கிடைக்காது.

புழக்கத்துக்கு வருமா என்று கேட்டால், உடனே வராது. தையல் வகுப்பில் 'துன்னல்' என்றால் திரும்பிக் கேட்பார்கள். அங்கே 'அடுக்குத் தையல்' போதும். எழுத்தில் பேட்ச்வொர்க்குக்கு ஒட்டுத்தையல், குயில்டிங்குக்குத் துன்னல் என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி என்ற மூன்றும் தாமே விளங்குபவை. நடுப்பஞ்சின் ஆங்கிலப் பெயரான 'பேட்டிங்' பஞ்சை அடித்துச் சுத்தம் செய்ததிலிருந்து வந்தது. மெத்தைக்காரர் வில்லோடு வந்து பஞ்சு கொட்டிய நாட்கள் தெரிந்தவர்கள் 'கொட்டிய பஞ்சு' என்றே சொல்லலாம். கடைசியில் ஓரம் மடித்துத் தைக்கும் நாடாவுக்கு மட்டும் புதுச்சொல் தேட வேண்டாம். எந்தத் தையற்கடையிலும் 'பைப்பிங்' என்றால் துணியை எடுத்துக் காட்டுவார்கள்.